கார் கதவு ரப்பர் கீச்சிடுகிறதா? வாசகர் கேள்வி பதில்

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே புகார்தான் அதிகம்: கார் கதவு கத்துகிறது. பல்லடத்திலிருந்து உடுமலை வரை அந்தக் காற்றில் பறக்கிற புழுதி எங்கெல்லாம் போய் உட்காருமோ அங்கெல்லாம் உட்கார்ந்துவிடுகிறது, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் மட்டும் தப்புமா? அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஏனுங்க, எங்க வண்டி வாங்கி எட்டு வருசமாச்சு. மேடு பள்ளத்துல இறங்கினா பின்சீட்டுப் பக்கம் கீச் கீச்சுன்னு சத்தம் வருதுங்க. ஒர்க் ஷாப்புல சஸ்பென்ஷன் புஷ் போயிருச்சுன்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. காசு போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியேதான் இருக்குது. திம்பம் ஏறும்போது இன்னும் ஜாஸ்தி. எதைப் பார்க்கறதுங்க?
வாசகர், பெருந்துறை

புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்) மேல் சந்தேகம் வந்ததில் தப்பில்லைங்க, புஷ் சத்தமும் கதவு ரப்பர் சத்தமும் உள்ளே உட்கார்ந்து கேட்டால் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்யாமல் எந்தப் பொருளையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு கதவுகளையும் மூடிக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே இருக்கட்டும். இன்னொருவர் வெளியே நின்று கூரை ஓரத்தில் கை வைத்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். சத்தம் வந்தால், சந்தேகமுள்ள கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு அதே மாதிரி மறுபடி ஆட்டிப் பாருங்கள். நின்றுவிட்டதா? அப்படியென்றால் கதவில்தான் கோளாறு. கதவு திறந்திருந்தும் கத்தினால் மட்டும் கீழே புஷ், ஷாக் அப்சார்பர் பக்கம் போகலாம்.

திம்பத்தில் சத்தம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. பண்ணாரியிலிருந்து மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எடை ஒரு பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது, வண்டியின் கூடு கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே சின்ன அசைவு உண்டாகும். வேகத்தடையைக் குறுக்காக ஏறினாலும், வீட்டு வாசல் சரிவில் கோணலாக வண்டியை ஏற்றினாலும் இதேதான். நடுவில் அமுங்கி இருக்கும் ரப்பர் வழுக்கிக்கொண்டு போனால் சத்தமே இல்லை. காய்ந்தும் அழுக்கேறியும் போன ரப்பர் அப்படி வழுக்காது, பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், இழுபடும், சட்டென்று விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடப்பதுதான் கீச் சத்தமாகக் கேட்கிறது. கழுவிய எவர்சில்வர் தட்டில் ஈர விரலை அழுத்தி இழுத்தால் வருமே, அதே கதை. புது வண்டியில் பீடிங் மேல் வழுவழுப்பான மெல்லிய பூச்சு ஒன்று கம்பெனியிலேயே கொடுத்திருப்பார்கள், அது தேயத் தேய இந்தத் தொல்லை ஆரம்பிக்கும். எட்டு வருட வண்டி என்றால் தேய்ந்துதான் இருக்கும்.

கதவுதான் என்று தெரிந்தபின் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு கதவின் பீடிங்கை மட்டும் துடைத்துவிட்டு, உங்களுக்குப் பழகிய மேடுபள்ளத்தில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சத்தம் அடங்கினால் அந்தக் கதவுதான். அடங்காவிட்டால் அடுத்த கதவு. இது மருந்து இல்லை, ஆளைக் கண்டுபிடிக்க மட்டும்தான். காய்ந்ததும் சத்தம் திரும்பி வரும்.

எந்தக் கதவின் ரப்பரைத் துடைத்தும் சத்தம் போகவில்லை என்றால், கதவு போய்ப் பூட்டிக்கொள்ளும் கொக்கியைப் பாருங்கள். நடுத்தூணில் அல்லது பின்பக்கச் சட்டத்தில் வளைந்த கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், மெக்கானிக்குகள் ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ கதவு தளர்வாக உட்காருகிறது என்று அர்த்தம், ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முறுக்கச் சொல்லுங்கள். அது ஐந்து நிமிட வேலை, கொஞ்சம் அனுபவமுள்ள டிங்கர் போதும். சோதனை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

இனி வைத்தியம். ரப்பரை நல்லெண்ணத்தோடு உடனே எண்ணெயில் குளிப்பாட்டக் கூடாது. முதலில் சுத்தம், அப்புறம்தான் மற்றதெல்லாம். கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் பனியன் வேஸ்ட் துணியை நனைத்து, விரலில் சுற்றி, பீடிங்கின் மடிப்புக்குள் விட்டு இழுங்கள். முதல் இழுப்பிலேயே துணி கறுத்துவிடும், மண்ணும் ரப்பர்த் தூளும் சேர்ந்த அந்தக் கறுப்புதான் உங்கள் கதவைக் கத்த வைக்கிறது. துணி கறுக்காமல் வரும் வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். கீல் பக்கத்து மூலையையும் கதவின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அந்த இரண்டு இடம்தான். அடியில் இருக்கும்போது கதவின் கீழ் விளிம்பில் உள்ள சின்ன ஓட்டைகளையும் பார்த்துவிடுங்கள். மழைத் தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகள் அவை, மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்றுவிடும்.

இன்னொரு இடம் இருக்கிறது, ஒர்க் ஷாப்பிலேயே பல பேர் கவனிப்பதில்லை. ரப்பர் மூடும்போது எதன்மேல் போய் அமுங்குகிறதோ, எதிரே இருக்கிற அந்தப் பெயின்ட் பரப்பு. கதவைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள், சட்டத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு மங்கலான கறுப்புக் கோடு ஓடும். ரப்பரை மட்டும் பளிச்சென்று ஆக்கிவிட்டு அந்தக் கோட்டை விட்டால் சில நாளில் சத்தம் திரும்பிவிடும். அதையும் கழுவித் துடைத்து, சாதாரண கார் வாக்ஸ் மெல்லிசாகப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின், சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து (ரப்பர் மேல் நேராக அடிக்காதீர்கள்) பீடிங் முழுக்க ஒரே சீராகத் தடவுங்கள். ஈரம் தெரிகிற அளவு வேண்டாம், தடவியது தெரிந்தால் போதும். கால் மணி நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்து, மிச்சத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சிலிகான் கிரீஸ் சின்ன டியூபில் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஸ்ப்ரேயைவிட நீண்ட நாள் நிற்கும், பட்டாணி அளவு எடுத்தால் ஒரு கதவுக்கு வரும். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் நல்லது.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னாருன்னு கதவு ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கொஞ்ச நாள் நல்லா இருந்தது. மறுபடி கத்தவும் வீல் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸை வச்சேன். இப்ப ரப்பர் உப்பின மாதிரி இருக்கு, ஏறி இறங்கறவங்க துணியெல்லாம் கறை. என்ன பண்றது?
வாசகர், திருப்பூர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தப்படுத்தியது இதுதான், ஏனென்றால் அக்கறையோடு செய்த வேலை ரப்பரையே கெடுத்துவிட்டது. கார் கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் என்கிற செயற்கை ரப்பர். வெயில், மழை, ஓசோன் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்கும், கதவுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வந்த எதுவும் அதற்கு ஆகாது. இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய், வாசலின் எல்லாமே அந்த வகைதான். எண்ணெயை உறிஞ்சி ரப்பர் உப்பும், மெத்தென்று ஆகும், பிறகு வலுவிழக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். காங்கேயம், பொள்ளாச்சிக்காரர்களுக்கு அது எல்லாவற்றுக்கும் மருந்து, ஆனால் பீடிங்குக்கு இல்லை. நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது, மார்கழிக் காலையில் ஊட்டிக்குப் போனால் ரப்பர் மேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும்.

உடனே செய்ய வேண்டியது: பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து, கிரீஸ் முழுக்கப் போகும்வரை விட்டு விட்டுக் கழுவுங்கள். சீக்கிரம் போகட்டும் என்று பெட்ரோலோ தின்னரோ தொட்டுவிடாதீர்கள், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுகிற வேலை. கழுவியபின் ஒன்றிரண்டு வாரம் எதுவும் தடவாமல் விடுங்கள். உறிஞ்சிய எண்ணெய் மெல்ல வெளியேறி ரப்பர் ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அதிர்ஷ்டம். கதவு மூடவே தனியாக அழுத்த வேண்டியிருந்தாலோ, விரலால் நிமிண்டினால் பொடிப்பொடியாக வந்தாலோ அந்த ஒரு கதவுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

கடையில் வாங்கும்போது இன்னொரு விஷயம். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிப்போமே டபிள்யூடி 40, அதில் பெரும்பகுதி பெட்ரோலிய வகைத் திரவம். அடித்தவுடன் சத்தம் நிற்கும், ஆவியானதும் திரும்பும். அதே பெயரில் சிலிகான் என்று போட்டுத் தனி டப்பா ஒன்றும் விற்கிறார்கள், அது வேறு. டப்பாவின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் சிலிகான் என்று எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். சிலிகான் கிடைக்காத ஊர் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவலாம். ரப்பருக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். பங்க்சர் கடையில் டியூபுக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரைத் தடவுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் கறுப்புப் பேன்ட்டோடு அலுவலகம் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வண்டியைக் கழுவினால்தான் சத்தமே ஆரம்பிக்கிறது. கழுவாமல் விட்டால் இல்லை. கழுவுகிற பையன் ரப்பரைக் கெடுத்துவிட்டானா?
வாசகர், சூலூர்

பையனைத் திட்டாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் போர் தண்ணீராக இருந்தால் நம் பக்கம் பல ஊர்களில் அது உப்பு. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் பீடிங் மேலும் காய்ந்து படிந்து சொரசொரப்பாகிறது. வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று கார் கழுவப் பிடித்து வைப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான், போர் தண்ணீரைவிட அது மோசம். வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு ரப்பரை மட்டும் துடைத்தால் வெள்ளைப் படிவு கரைந்து வரும். உடனே நல்ல தண்ணீரில் துடைத்து எடுத்துவிடுங்கள், பெயின்ட் மேல் நிற்க விடாதீர்கள். இனிமேல் வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவினாலும் கடைசியாக ஒரு குவளை சிறுவாணித் தண்ணீரோ ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ எடுத்து பீடிங்கைத் துடைத்து, நான்கு கதவையும் அரைமணி நேரம் திறந்து போட்டுக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த ரப்பர் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அதுதான்.

கதவு சத்தம் இல்லைங்க, கண்ணாடி இறக்கும்போதுதான் கிறீச்சுன்னு பல் கூசுது. இதுக்கும் அதே சிலிகான்தானா?
வாசகி, கரூர்

அதேதான் அம்மிணி, ஆனால் இடம் வேறு, தடவுகிற விதமும் வேறு. கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரு ரப்பர்ப் பள்ளத்துக்குள் ஏறி இறங்குகிறது. கதவின் மேல்விளிம்பில் கண்ணாடியை உரசி நிற்கும் பட்டையில் வெல்வெட் மாதிரி பொடி முடி இருக்கும், கண்ணாடியைத் துடைத்து அனுப்புவது அதன் வேலை. கரூரிலிருந்து க.பரமத்தி பக்கம் அடிக்கடி போய் வருகிறவராக இருந்தால் கல் உடைக்கும் கிரஷர் தூசி அந்த முடிக்குள் ஏறியிருக்கும். அது சத்தம் மட்டும் போடாது, கண்ணாடியில் நெடுக்காகக் கீறலும் போட்டுவிடும். அதனால் சுத்தம் செய்யாமல் மேலே எதையும் அடிக்காதீர்கள், தூசியும் சிலிகானும் சேர்ந்தால் களிம்பாகிவிடும்.

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் தேய்த்து, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். பிறகு மெல்லிய அட்டையின் மேல் ஈரத் துணியைச் சுற்றி மேலும் கீழும் இழுத்து, காய விட்டு, சிலிகான் ஸ்ப்ரேயின் நீளக் குழாயைச் சொருகி இரண்டு பக்கப் பள்ளத்துக்குள் மட்டும் கொஞ்சமாக அடியுங்கள். வெல்வெட் பட்டைக்குக் கிரீஸ் கூடவே கூடாது. கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் பரவிவிடும். கண்ணாடியில் ஒட்டியதைச் சுத்தமாகத் துடையுங்கள், முன்கண்ணாடியில் சிலிகான் பட்டால் மழையில் வைப்பர் போடும்போது பார்வையையே மறைத்துவிடும். தரையிலும் பெடலிலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கால் வழுக்கினால் ஆபத்து.

என் காரில் பீடிங் தட்டையாகிவிட்டது. பைபாஸில் 80ஐத் தாண்டினால் காற்று ஊளையிடுகிறது. இங்கே லாரி பாடி கட்டும் இடங்களில் மீட்டர் கணக்கில் பீடிங் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிடலாமா?
வாசகர், நாமக்கல்

தட்டையானது உண்மையா என்று முதலில் பாருங்கள். ஒரு தாள் துண்டை வைத்துக் கதவை மூடி, வெளியே இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது, சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அமுங்கிப்போய்விட்டது. இப்படி ஒவ்வொரு சாண் தூரத்திலும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் லூஸ் என்றால் பெரும்பாலும் பீடிங் தன் இடத்திலிருந்து நழுவியிருக்கும், அல்லது கதவு இறங்கியிருக்கும். அதற்கு ரப்பர் மாற்றிப் பயனில்லை.

சுற்றிலும் லூஸ் என்றால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் லாரிக்கு விற்கிற மீட்டர் பீடிங்கைக் காருக்குப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கதவு மூடும்போது அமுங்குகிற உருண்டைப் பகுதியின் உயரம், தகட்டைக் கவ்வும் வாயின் அகலம், உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். உருண்டை பெரிதாக இருந்தால் கதவை ஓங்கி அறைய வேண்டிவரும், சிறிதாக இருந்தால் மழைத் தண்ணீர் தரைவிரிப்புக்குள் இறங்கும், அதை நீங்கள் கவனிப்பதற்குள் கீழே துரு பிடித்திருக்கும். உங்கள் மாடலுக்கே உரியதைக் கேட்டு வாங்குங்கள், அது வளையமாக மூலைகளோடு அமைந்து வரும்.

போடுவது கஷ்டமில்லை. பழையதைக் கையாலேயே உருவி, தகட்டு விளிம்பைச் சுத்தம் செய்து, துரு இருந்தால் தேய்த்துப் பெயின்ட் தொட்டுக் காய விடுங்கள். புதியதில் இணைப்பு உள்ள இடம் கதவுச் சட்டத்தின் அடிப்பக்கம் வரும்படி வைத்து, மூலைகளை முதலில் உட்கார வைத்து, பிறகு நடுப்பகுதிகளை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். இழுத்து நீட்டிப் போடவே கூடாது. நீட்டிய ரப்பர் வெயிலில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். போட்ட புதிதில் கதவு மூடக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டு மூடினால் உள்ளே அடைபடும் காற்று வெளியேறி எளிதாக மூடும். சில வாரங்களில் படிந்துவிடும்.

கதவில் கீறல் விழுந்து அடுத்த வாரம் பெயின்ட்டுக்கு விடுகிறேன். அதற்குள் பீடிங்குக்குச் சிலிகான் போட்டு வைக்கலாம் என்றிருந்தேன், டிங்கர் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஏன்?
வாசகர், மேட்டுப்பாளையம்

அவர் சொல்வதைக் கேளுங்கள், அனுபவத்தில் சொல்கிறார். சிலிகான் துளி காற்றில் பறந்து தகட்டில் படிந்தாலும் போதும், புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும். பிறகு முழுவதையும் தேய்த்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கென்று உள்ள கிளீனரால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். பெயின்ட் முடிந்து வண்டி வந்ததும் அவசரப்படாமல் ஒரு மாதம் விட்டு, பெயின்ட் நன்றாக இறுகியபின் பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மேலே பெருந்துறை வாசகருக்குச் சொன்னபடி துணியில் தொட்டுத் தடவிக்கொள்ளுங்கள்.